எல்லாரும் எனக்குப் போட்ட ரெண்டு

வாங்க, வாங்க. எலைக்கடைக் கொழந்தவேலு நாந்தானுங்க. அங்க உக்காராதீங்க, செத்த நேரத்துல அங்க வெயில் வந்துரும். இந்த முக்காலியைத் தூணு ஓரமாப் போட்டுக்குங்க. கொஞ்ச நேரம் தாங்கும். அதுக்கப்பறம் எங்க உக்காந்தாலும் அதே கதிதான். மேக்குப் பாத்த கடை, என்ன பண்றது?

வெள்ளகோயில் பக்கமிருந்தா வாறீங்க? உங்க சந்தைச் சங்கத்துலயும் இந்த ஒண்ணு, ரெண்டு, மூணு போடற ஓட்டு கொண்டாரப் போறீங்களா? அதுக்குச் சனத்துக்குச் சொல்லித்தர என்னையக் கூப்புட வந்திருக்கீங்க. சந்தோசமுங்க. எங்க மார்க்கெட்டுல நாந்தான் சொல்லிக் குடுத்தேன்னு அந்தளவுக்குப் பேரு போயிருக்குதே, அதே போதும். வாறேனுங்க, வரமாட்டேன்னு சொல்லலை. ஆனா என்ற வயித்தெரிச்சலைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க. மொறை தங்கமான மொறைங்க. மொறைய நான் ஒரு கொறையும் சொல்ல மாட்டேன். சனத்துக்குத்தான் வெளங்கலை.

முன்னெல்லாம் எங்க தேர்தல் எப்பிடின்னா, தலைவருக்கு அஞ்சு பேரு நிப்பாங்க. ஆளுக்குக் கொஞ்சம் ஓட்டுப் பிரியும். கடைசீல கால்வாசிச் சனம் போட்டவன் தலைவர். மிச்ச முக்கால்வாசிச் சனம் அவனை மதிக்கோணுமல்ல? மதிக்காது. போன தலைவரு சாக்கடை தூரெடுக்கோணும்னாரு, ஒருத்தரும் கடைக்கு முன்னால பலகையை நகத்தலை. அவரு இருந்த வரைக்கும் அந்தச் சாக்கடை அப்பிடியே கெடந்து நாறுச்சு. அதுக்கப்பறந்தான் எங்க வரவு செலவு பாக்கற ஆடிட்டர் தம்பி, சபரிநாதன்னு பேரு, பொதுக்குழுவுல எந்திரிச்சு இந்தப் புது மொறையைச் சொன்னாரு. புடிச்சவருக்கு ஒண்ணு, அடுத்தவருக்கு ரெண்டு, அப்பறம் மூணு. பாதிக்கு மேல யாருக்கும் வரலைன்னா கடைசீல இருக்கறவரை எடுத்துட்டு, அவருக்கு ஒண்ணு போட்டவங்களோட ரெண்டை மத்தவங்களுக்குச் சேத்தறது. எல்லாரும் கை தட்டுனாங்க. வெளங்கிக் கை தட்டுனாங்களான்னு கேக்காதீங்க.

சரி, சனத்துக்கு யாரு சொல்லித் தாறதுன்னு கேட்டப்ப ஒட்டுக்கா என்னையத்தான் கைகாட்டுனாங்க. ஏன்னா நமக்குப் பகை கெடையாதுங்க. கல்யாணமா, சீரா, எழவா, எல்லாத்துக்கும் எலை எங்கிட்டத்தான். யாரு மனசும் நோகற மாதிரி ஒரு வார்த்தை பேச மாட்டேன். மண்டிக்காரரும் எனக்கு வேணும், தரையில கூறு போட்டு விக்கறவங்களும் வேணும்.

மத்தியானம் யாவாரம் ஓஞ்ச நேரத்துல வெங்காய ஷெட்டுல உக்கார வெச்சுச் சொல்லிக் குடுத்தேன். எப்பிடின்னு கேளுங்க, உங்க ஊருக்கும் இதையேதான் சொல்லப் போறேன். ஓட்டலுக்குப் போறீங்க. என்ன வேணும்ங்கறாரு. பூரிங்கறீங்க. பூரி தீந்துபோச்சுங்கறாரு. உடனே எந்திரிச்சு ஊட்டுக்கா போயிருவீங்க? சரி, பொங்கல் குடுங்கன்னு கேப்பீங்கல்ல? அதுதான் ரெண்டு. பூரி ஒண்ணு, பொங்கல் ரெண்டு, உப்புமா மூணு. அவ்வளவுதான். ஆடிட்டர் தம்பி படமெல்லாம் போட்டு வெளக்குனது எவனுக்கும் ஏறலை. நான் பூரின்னேன், டக்குன்னு ஏறிருச்சு.

ஏறிருச்சுன்னுதானுங்க நெனச்சேன். அங்க நான் பட்ட பாடு இருக்குதே! மாதிரிச் சீட்டுல வாழக்காய்க்கடை அம்மா மூணுக்கும் ஒண்ணு ஒண்ணு ஒண்ணுன்னு போட்டு வெச்சிருக்குது. ஏனுங்கம்மான்னா, நாளைக்கு நிக்கறவங்க அத்தனை பேரு மூஞ்சியிலயும் முழிக்கோணுமல்லோங்குது. பூண்டுக்கடைக்காரரு தனக்குப் புடிச்சதுக்கு மூணு போட்டிருக்காரு. கேட்டா, பரீச்சையில மூணு மார்க்கு பெருசா, ஒரு மார்க்கு பெருசாங்கறாரு. இன்னொருத்தரு, ரெண்டாவதா ஒருத்தருக்குப் போட்டா மொதல் ஆளு கோவிச்சுக்க மாட்டாரா, இது பொண்டாட்டி இருக்கறப்பவே இன்னொண்ணு பாத்து வெக்கற மாதிரி இல்லீங்களான்னாரு. ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு தடவை. தொண்டைத்தண்ணி வத்திப் போச்சு. எழுதத் தெரியாதவங்க கோடு போடலாம்னு வெச்சோம். ஒரு கோடு, ரெண்டு கோடு, மூணு கோடு. அதையும் கையைப் புடிச்சுச் சொல்லிக் குடுத்தேன்.

ஒரு நாள் ஒத்திகைத் தேர்தலே வெச்சுட்டேன். பூரி, பொங்கல், உப்புமா மூணு பேரும் வேட்பாளருங்க. பாதிச் சனம் பூரிக்கு ஒண்ணு, பாதிச் சனம் பொங்கலுக்கு ஒண்ணு. பூரிக்காரங்க பொங்கலை மூணாவது தள்ளிட்டாங்க, பொங்கல்காரங்க பூரியை. அதனால ரெண்டு பூராம் உப்புமாவுக்கு. எண்ணிப் பாத்தா உப்புமாதான் மொதல்ல வெளிய போச்சு. ஒரே சிரிப்பு.

அப்ப கீரைக்கடைத் தெய்வாத்தா எந்திரிச்சுது. அது தரைக்கடைக்காரங்களுக்கெல்லாம் தலை மாதிரி. நல்ல வாய். “ஏனுங்ணா, இத்தனை பேரு உப்புமாவுக்கு ரெண்டு போட்டிருக்கறோமே, அதெல்லாம் எங்க போச்சு?”ன்னு கேட்டுது.

எனக்குக் கோவம் வந்திருச்சு. மூணு நாளாச் சொல்லிட்டு இருக்கறேன், இதுகூட வெளங்கலைன்னா எப்பிடி? “ஒண்ணே வாங்காதவனுக்கு ரெண்டு எத்தனை வந்து என்ன, தாயி? அதை ஆரு எண்ணுவா?”ன்னேன். நல்லா நறுக்குன்னு சொன்னேன். அது தலையை ஆட்டிட்டு உக்காந்துக்குச்சு. புரிஞ்சுதோ என்னவோ.

கொஞ்சம் இப்பிடி நகந்துக்குங்க. வெயில் கால்மாட்டுக்கு வந்துருச்சு பாருங்க.

இந்த வெயிலைப் பத்திச் சொல்லோணுமுங்க. கதையே அதுதான். பழைய மார்க்கெட்டுல எங்க கடை தூங்குமூஞ்சி மரத்துக்கு அடியில இருந்துச்சு. காத்தால அறுத்துட்டு வந்த எலை பொழுது எறங்கற வரைக்கும் பச்சைன்னு கெடக்கும். அதை இடிச்சுட்டு இந்தப் புதுக் கட்டடம் கட்டுனாங்க. இதுல எந்த வரிசை யாருக்குன்னு ஜெயிச்சு வர்ற சங்கத் தலைவர்தான் ஒதுக்கோணும். வடவரிசையில நாள் பூராம் நெழல். மேவரிசையில உச்சி சாஞ்சா அடுப்புல உக்காந்த மாதிரி. நாட்டு மருந்துக் கடைக்காரருக்கு மேவரிசை குடுத்தா என்னங்க? மருந்து வாடுமா? எலை வாடும். வெயில் பட்ட எலை சுருண்டு ஓரம் கருகிரும், எழவு ஊட்டுக்குக்கூட வாங்க மாட்டான். எனக்கும் என்ற சம்சாரத்துக்கும் இருக்கறது இந்த எலை மட்டுந்தான். பக்கத்துப் பக்கத்துல ரெண்டு கடை, ஒண்ணு எம்பேருல, ஒண்ணு அவ பேருல. வடவரிசை கெடைக்கலைன்னா பாதிச் சரக்கைக் குப்பையிலதான் கொட்டோணும். அதுதான் எங்களுக்கிருந்த வெசனம்.

தேர்தல்ல ஒரு பக்கம் வெங்காய மண்டி நாச்சிமுத்தண்ணன். பெரிய கை. அவரு ஜெயிச்சா வடவரிசை மண்டி மூட்டைக்குத்தான்னு எல்லாருக்கும் தெரியும். இன்னொரு பக்கம் தெய்வாத்தா. அது ஜெயிச்சா வடவரிசை கீரைக்கு. ரெண்டு பேருக்கும் ஆகவே ஆகாது. இவங்க ஆளு அவங்களுக்கு ரெண்டு போட மாட்டான், அவங்க ஆளு இவங்களுக்குப் போட மாட்டான். நடுவுல ஒரு ஆளு வேணும். யாரு? எனக்கு மனசுல அப்பிடி ஒரு நெனப்பே கெடையாதுங்க. சனந்தான் கெளப்பிவிட்டுது. பூண்டுக்கடைக்காரரு ஒரு நாளு தோள்மேல கையைப் போட்டு, அண்ணா, மண்டிக்காரரு எங்க சொந்தம், அவருக்கு ஒண்ணு போட்டே ஆகோணும், ஆனா நீங்க நின்னீங்கன்னா ரெண்டு உங்களுக்குத்தான்னாரு. வாழக்காய்க்கடை அம்மாவும் அதையே சொல்லுச்சு. தெய்வாத்தாவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டு.

அட, இது நல்லா இருக்குதேன்னு பட்டுச்சு. இந்தப் பக்கம் பூராம் எனக்கு ரெண்டு, அந்தப் பக்கம் பூராம் எனக்கு ரெண்டு. மார்க்கெட்டே எனக்கு ரெண்டு போட்டா, என்னைய விட்டா வேற ஆரு தலைவர்? சின்னக் கொழந்தைகூடச் சொல்லும். நின்னுட்டேன். வாழையிலைச் சின்னம்.

ஓட்டுக் கேக்கப் போனேன் பாருங்க, அந்த மாதிரி மரியாதை என்ற வாழ்க்கையில பாத்ததில்லைங்க. ஒருத்தர்கிட்டப் போயி எனக்கு ஒண்ணு போடுங்கன்னா மூஞ்சி சுருங்கும். அவருக்கு வேற ஆளு இருக்கும், சங்கடம். நான் அப்பிடிக் கேப்பனா? உங்களுக்குப் புடிச்சவருக்கு ஒண்ணு போட்டுக்குங்க, எனக்கு ஒரு ரெண்டு போதும்னேன். உடனே மூஞ்சி மலந்துரும். இதுக்கென்னுங்ணா, கட்டாயம் போடறோம்னு சொல்லி டீ வாங்கித் தருவாங்க. நாச்சிமுத்தண்ணனே என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, கொழந்தவேலு, என்ற ரெண்டு உனக்குத்தான்னாரு. எதிராளியே ஓட்டுப் போடற வேட்பாளரை நீங்க எங்காச்சும் பாத்திருக்கீங்களா?

வகுப்பையும் விடலை. இன்னும் நெறையப் பேருக்கு எங்க போடறது, எப்பிடிப் போடறதுன்னு தெரியலை. மாதிரிச் சீட்டுல பூரி, பொங்கல்னு போட்டா உண்மைச் சீட்டைப் பாத்து முழிப்பாங்கன்னு நெசப் பேரையே போட்டுக் காட்டுனேன். ரெண்டுங்கறதை எங்க எழுதறதுன்னு காட்டோணுமல்ல? அடுத்தவங்க பேருக்கு நேரா நானா ரெண்டு போட்டுக் காட்டுனா அவங்க மனசு நோகும். அதனால எம்பேருக்கு நேரா போட்டுக் காட்டுனேன். ஒவ்வொரு சீட்டுலயும் வாழையிலைக்குப் பக்கத்துல ரெண்டு. அது ஒரு தப்பாங்க? ஆடிட்டர் தம்பி வந்து, வேட்பாளரே வகுப்பெடுக்கறது மொறையில்லீங்கன்னு இழுத்தாரு. அப்பறம், அது கெடக்கட்டும், ஒண்ணாம் நம்பரும் கொஞ்சமாச்சும் உங்களுக்கு வேணுமுங்க, அதைக் கேளுங்கன்னாரு. “தம்பி, நீங்க கணக்குப் படிச்சவரு. நான் சனத்தைப் படிச்சவன்”னு சொல்லி அனுப்பிட்டேன்.

தெய்வாத்தாவும் ஒரு நாளு கடைக்கு வந்துது. வந்து எலைக்கட்டு மேல தண்ணி தெளிச்சிட்டிருந்த என்ற சம்சாரம் வசந்தாமணிகிட்டக் கொஞ்ச நேரம் பேசிட்டு, அப்பறம் எங்கிட்டச் சொல்லுச்சு. அண்ணா, கீரையும் எலையும் ஒரே எனம். ரெண்டும் வெயில்ல சாகும். வடவரிசையைப் பாதிப் பாதியாப் பிரிச்சுக்குவோம். நீங்க நில்லுங்க, வேண்டாங்கலை. உங்க ஒண்ணை மட்டும் எனக்குப் போடுங்க. நான் வந்தா உங்க ரெண்டு கடையும் நெழல்லன்னுச்சு.

எனக்குச் சிரிப்பு. வடவரிசையை நானே ஒதுக்கப் போறேன், இது எனக்குப் பங்கு குடுக்குதாம்! பாக்கலாம் தாயின்னேன். அது போனதும் வசந்தாமணி, அந்தக்கா சொல்றது சரியாத்தானுங்க இருக்குதுன்னா. உனக்கு இதெல்லாம் வெளங்காது, நீ கட்டைக் கட்டுன்னேன்.

அவ வெளங்காதவ இல்லைங்க, அதையும் சொல்லிப்போடறேன். யாவாரத்துல என்னையவிட அவ கெட்டி. ஓட்டுக்கு முந்தின நாளு எலையை அடுக்கிட்டே, நான் யாருக்குங்க போடறதுன்னு கேட்டா. கேட்டுட்டு மூஞ்சியையே பாத்துட்டு இருந்தா. நமக்கு வேண்டியவ, வேண்டாதவன்னு பாகுபாடு கெடையாதல்ல? ஊருக்கு ஒரு நாயம், ஊட்டுக்கு ஒரு நாயமா? “ஊருக்குச் சொன்னதுதான் உனக்கும். புடிச்சவங்களுக்கு ஒண்ணு போடு, எனக்கு ரெண்டு போடு”ன்னேன். சரின்னு கட்டைத் தூக்கி வெச்சுட்டுப் போயிட்டா.

ஓட்டு நாளு. காத்தால வெங்காய ஷெட்டு. வாசல்ல நாச்சிமுத்தண்ணன் கையெடுத்துக் கும்புட்டுட்டு நிக்கறாரு. என்ற புள்ளை கல்யாணத்துக்கு மொத ஆளா வந்து பந்தல்ல உக்காந்த மனுசன். உள்ள போயி சீட்டை விரிச்சேன். மூணு சின்னம். மண்டிக்காரருக்குத் தராசு, தெய்வாத்தாவுக்கு மொறம், எனக்கு எலை. எழுதப் போறேன், கை எழுத மாட்டேங்குது. தம்பேருக்குத் தானே எப்பிடிங்க ஒண்ணுன்னு எழுதறது? நம்ம ஊட்டுக் கல்யாணத்துல நாமளே மொதப் பந்தியில போயி உக்காந்தா சனம் என்ன சொல்லும்? பந்திக்கு முந்துன்னு பழமொழி இருக்குதுன்னு சொல்லுவீங்க. அது திங்க வந்தவனுக்குங்க. எலை போடறவனுக்கு இல்லை. வயசுலயும் வசதியிலயும் மூத்தவரு, வாசல்ல வேற நிக்கறாரு, நாச்சிமுத்தண்ணனுக்கு ஒண்ணு போட்டேன். எனக்கு ரெண்டு. தெய்வாத்தாவுக்கு மூணு. மனசு நெறஞ்சு வெளிய வந்தேன். வந்து அவரைப் பாத்துச் சிரிச்சேன், அவரும் சிரிச்சாரு.

எண்ணுனது சாயங்காலம். ஆடிட்டர் தம்பி மேசை போட்டு மூணு எடம் ஒதுக்கி வெச்சாரு, தராசுக்கு ஒண்ணு, மொறத்துக்கு ஒண்ணு, எலைக்கு ஒண்ணு. சீட்டைப் பிரிச்சுப் பிரிச்சு வெக்கறாரு. தராசு. மொறம். தராசு. மொறம். மொறம். இருநூத்திச் சொச்சம் சீட்டு. அந்த ரெண்டு குவியலும் ஏறிட்டே போகுது. எலைக்குன்னு வெச்ச எடத்துல ஒரு காயிதம் விழுகலை. பாதியில அவருக்கு டீ வந்துது. வெக்க எடமில்லாம அந்த டம்ளரை எலைக்குன்னு வெச்ச எடத்துல வெச்சாருங்க. நான் பாத்துட்டே நிக்கறேன். தெரிஞ்சு வெச்சிருக்க மாட்டாரு. ஆனா வெச்சாரு.

கடைசீல நாச்சிமுத்தண்ணன் ஜெயிச்சாரு. ஒரே ஒரு ஓட்டுல. பாதிக்கு மேல ஒரு ஓட்டு வந்துருச்சு, அத்தோட முடிஞ்சுதுன்னு சீட்டையெல்லாம் கட்டறாங்க.

விடுவனா? “தம்பி, ரெண்டை எண்ணலையே? எம்பேருக்கு நேரா எத்தனை ரெண்டு இருக்குது, பாருங்க”ன்னேன். அவரு பொறுமையா, நானும் பாத்தேனுங்க, அனேகமா எல்லாச் சீட்டுலயும் உங்களுக்கு ரெண்டு இருக்குது, ஒரு சீட்டுகூடச் செல்லாததில்லை, இத்தனை சுத்தமா எந்தச் சங்கத்துலயும் போட்டதில்லை, நீங்க சொல்லிக் குடுத்த அழகு அப்பிடின்னாரு. பின்ன எண்ணுங்கன்னேன். அதுக்கு அந்த மனுசன் சொல்றாரு, “பூரி தீந்தாத்தானுங்களே பொங்கல் கேக்கோணும்? இங்க யாரோட பூரியும் தீரலையே.” என்ற பூரியை எடுத்து எனக்கே வெக்கறாருங்க.

சுத்தி இருந்தவனெல்லாம் சிரிச்சான். ஊருக்கு உபதேசம்னு ஒருத்தன் பின்னால இருந்து சொல்றான். தெய்வாத்தா சிரிக்கலை. ஒத்த ஓட்டுல தோத்த கடுப்பு அதுக்கு. எங்கிட்ட வந்து, நானும் அன்னைக்கு இதைத்தானுங்ணா கேட்டேன்னுட்டு முந்தானையை ஒதறிக்கிட்டுப் போயிருச்சு. என்னத்தைக் கேட்டுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கலை.

சொல்லுங்க, இது நாயமா? இருநூறு பேரு போட்ட ரெண்டு வீணாப் போச்சு. சனத்துக்கு என்ன சொல்லிக் குடுத்தேன்? யோசிச்சுப் போடுங்கன்னு சொல்லிக் குடுத்தேன். ஒரு பத்து பேராச்சும், நம்ம கொழந்தவேலு இத்தனை பாடுபடறானே, இவனுக்கு ஒரு ஒண்ணு போடுவோம்னு தானா நெனச்சிருக்கோணுமா, இல்லையா? நான் வாய்விட்டுக் கேக்கோணுமா? கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. வெண்ணெய் தெரண்டு வர்ற நேரத்துல தாழியை ஒடச்சுட்டாங்க.

அப்பறம் கடை ஒதுக்குனாங்க. நாச்சிமுத்தண்ணன் நேராவே வந்தாரு. டீ குடிச்சாரு. கொழந்தவேலு, வடவரிசை மண்டிக்குப் பத்தலை, உன்னைய மேவரிசைக்குப் போடறேன், நீ பெரிய மனசுக்காரன், சத்தம் போடறவன் இல்லைன்னாரு. மூஞ்சிக்கு நேரா எப்பிடிங்க முடியாதுன்னு சொல்றது? சரிங்கண்ணான்னேன். தெய்வாத்தாவுக்கும் மேவரிசைதான் குடுத்தாரு. ஆனா அது கூடையைத் தூக்கிட்டுப் போயி அவரு மண்டி வாசல்லயே உக்காந்து கீரை வித்துது. ஒரு வாரத்துல கீரைக்கடைக்கெல்லாம் தகரக் கூரை இழுத்துக் குடுத்துட்டாங்க. அந்தா தெரியுது பாருங்க, பச்சைத் தகரம். எங்களதுக்கு இல்லை. நான் போயி உக்காருவனா? நமக்குன்னு ஒரு மானம் இருக்குதல்ல?

எந்திரிங்க, எந்திரிங்க. முக்காலியை இன்னும் உள்ள போட்டுக்குங்க. அந்த ஈரச்சாக்கை எடுத்து அந்தக் கட்டு மேல போடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இந்த ஓரத்துல இருக்கற கட்டைப் பாருங்க, காத்தால அறுத்தது. இதுல சோறு போட்டு எவன் திம்பான்? தெனமும் இப்பிடித்தான். வசந்தாமணி உச்சிப் பொழுதுல இருந்து கொடம் கொடமாத் தண்ணி தூக்கறா. அவ கையெல்லாம் காச்சுப் போச்சு. அழுகையே வருதுங்க, சொல்றதுக்கென்ன.

அவளும் ரெண்டுதான் போட்டிருக்கறா. கடை மாத்துன அன்னைக்குத்தான் கேட்டேன். கட்டிக்கிட்டவகூட எனக்கு ஒண்ணு போடலையா, நீ ஆருக்குத்தான் ஒண்ணு போட்டதுன்னேன். தெய்வாத்தாக்காவுக்கு ஒண்ணு, உங்களுக்கு ரெண்டுன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. ஊருதான் துரோகம் பண்ணுச்சு, நீயுமான்னு கொஞ்சம் சத்தமாக் கேட்டுட்டேன். அவ கொடத்தைக் கீழ வெச்சுட்டா.

“நீங்க கேட்டதைத்தானுங்களே போட்டேன். மார்க்கெட்டுல ஒரு கடை விடாம ரெண்டு கேட்டீங்க. எனக்கு ஒண்ணு வேணும்னு ஆரையாச்சும் கேட்டீங்களா? என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தாப் போட்டிருக்க மாட்டனா? அதைக் கேப்பீங்கன்னுதான் அன்னைக்கு உங்க மூஞ்சியையே பாத்துட்டு இருந்தேன்”ன்னா.

சொல்லிட்டு மறுபடி கொடத்தை எடுத்துட்டுப் போயிட்டா. எனக்கு அன்னைக்கு ராத்திரி சோறு எறங்கலைங்க. ஆனா நீங்களே சொல்லுங்க, கட்டுன பொண்டாட்டிகிட்டப் போயி எனக்கு ஓட்டுப் போடுன்னு பிச்சை கேக்கறதா? தானா வரோணுமல்ல?

சரி, அதை விடுங்க. உங்க ஊருக்கு என்னைக்கு வரோணும்? சனத்தையெல்லாம் ஒரு எடத்துல உக்கார வெச்சிருங்க. பூரி, பொங்கல், உப்புமா நான் பாத்துக்கறேன். ஆனா ஒண்ணு, கவனமாக் கேக்கற சனமா இருக்கோணும். இல்லைன்னா எங்களுக்கு ஆன கதிதான். ஒத்த ஓட்டுங்க! ஒரே ஒரு ஓட்டு அந்தப் பக்கம் விழுந்திருந்தா தெய்வாத்தா ஜெயிச்சிருக்கும், எங்க கடை ரெண்டும் வடவரிசை நெழல்ல இருந்திருக்கும். எவனோ ஒரு வெவரங்கெட்டவன், எதுக்குப் போடறோம்னு தெரியாம மண்டிக்காரருக்குப் போட்டுத் தொலைச்சிருக்கறான். அது எவன்னு நானும் கடை கடையாக் கேட்டுப் பாத்துட்டேன். ஒருத்தனும் ஒத்துக்க மாட்டேங்கறான். கெடச்சான்னா ரெண்டு கேள்வி நறுக்குன்னு கேக்காம விட மாட்டேன்.

என்னுங்க?

என்ற ஓட்டா? ஐயோ, அதைய இதுல சேத்தாதீங்க. நான் வெவரந் தெரிஞ்சு போட்டதுங்க அது. மரியாதைக்குப் போட்டது. நான் சொல்றது வெவரந் தெரியாமப் போட்ட ஓட்டை.

இல்லைங்க, ஓட்டு ஓட்டுதான்னு நீங்க சொல்றது எனக்குக் கேக்குது. நல்லாவே கேக்குது. கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க. நான் ஆருக்குப் போட்டேன்னு அவ இன்னும் கேக்கலை. தண்ணிக்கொடத்தோட பின்னாலதான் நிக்கறா.